நாலு டிகிரி

மழைமானிக்கு ஹீட்டர் வேண்டும் என்று
பிப்ரவரியில் எழுதினேன்.
மஸ்கட் அலுவலகத்திலிருந்து ஒரே வரியில் பதில்:
எழுத்துப்பிழையா?

ஷம்ஸ் மலைமேல் ஜனவரியில் பனி விழுந்தது.
நிஸ்வாவே வண்டியேறிப் போய்ப் பார்த்தது.
எல்லார் கைபேசியிலும் வெள்ளை,
எங்கள் மழைமானியில் பூஜ்யம்.
புனலுக்குள் அது இறுகிக் கிடந்து
மூன்றாம் நாள் வெயிலில் உருகி இறங்கியது.
துடைத்துவைத்த நீல வானத்தில்
பதினோரு மில்லிமீட்டர் என்று பதிவு.
மேகமில்லாத அந்த மழைக்கு
விளக்கம் எழுதியவன் நான்தான்.

பெட்டி வந்தபோது ஜூன்.
பட்டறைத் தகரத்தின் கீழ் நாற்பத்தாறு.
ஸ்குரூடிரைவரைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.
உள்ளே இரண்டு ரப்பர்ப் பட்டைகள்:
ஒன்று புனலுக்கு,
ஒன்று கீழே கவிழும் கிண்ணத்துக்கு
(மேலே உருகியது கீழே உறையக்கூடாதே).
கூடவே ஒரு தெர்மோஸ்டாட்.
நாலு டிகிரிக்குக் கீழே விழிக்கும்,
பத்தைத் தாண்டினால் தூங்கும் என்றது தாள்.

இந்த ஊரில், இந்த மாதத்தில்
அதை எப்படி எழுப்புவது?

ஹமூத் யோசித்துச் சொன்னான்:
மீன்.

ஷபீகுலின் குளிர்கிடங்கில்
வஞ்சிரம், சூரை, கட்டிக் கணவாய்.
நடுவே அரசாங்கச் சொத்து எண் ஒட்டிக்கொண்டு
வாய்பிளந்து நின்றது மழைமானி.
கதவின் ரப்பர் இடுக்கில் ஒயரை நுழைத்தோம்.
இது கிலோ என்ன விலை என்று கேட்ட கிழவிக்கு
விற்பனைக்கில்லை என்றான் ஷபீகுல், கொஞ்சம் பெருமையாக.
பத்தாவது நிமிஷம் ரிலே சொடுக்கியது.
மீன்மேல் கிடந்த ஐஸைச் சுரண்டிப் போட்டோம்,
காத்திருந்தோம், மூக்கு மரத்தது,
டிக்.
புள்ளி இரண்டு மில்லிமீட்டர்.
சூரை வாடையோடு ஒரு தூறல்.

நவம்பரில் மலையேற்றினோம்.
சூரியத் தகடு தாங்காது. ராத்திரியில்தானே வேலையே.
கோபுரத்திலிருந்து அறுபது மீட்டர் கேபிள்,
ஆடு மென்றுவிடாதிருக்க இரும்புக் குழாய்க்குள்.
புனலின் வெளிப்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து
காற்றுக்குமிழ் இல்லாமல் பட்டையை ஒட்டுவதற்குள்
இரண்டு தரம் பிரித்தேன், ஒரு தரம் திட்டினேன்.

கொதிக்கவிடக் கூடாது இதை.
சூடு மிஞ்சினால் பனி ஆவியாகிப்
பதிவேட்டில் ஏறாமலே போய்விடும்.
உருகுமளவுக்கு மட்டும்.
என் மேலாளரிடம் இதைச் சொல்ல நினைத்து
வேறு எதையோ சொன்னேன்.

ஜனவரி பதினேழு, ராத்திரி இரண்டு நாற்பது.
அறையில் மற்ற மூவரும் குறட்டை.
போர்வைக்குள் கைபேசி வெளிச்சம்:
வெப்பம் மைனஸ் ஒன்று புள்ளி எட்டு.
ஹீட்டர் ஒன்று. மழை பூஜ்யம்.
மழை பூஜ்யம்.
மழை பூஜ்யம்.
ஒயர் கழன்றதா, ஒட்டு விட்டதா,
ஆடு குழாயையே தின்றுவிட்டதா.
மூன்று ஐந்துக்குப்
புள்ளி இரண்டு.

யாரை எழுப்பிச் சொல்வது?
ஹமூத்துக்கு அனுப்பினேன், வெறும் எண்ணை.
அவனும் விழித்துத்தான் இருந்திருக்கிறான்.
பதிலுக்கு வந்தது
ஒரு மீன் படம்.

பிப்ரவரியில் போனால் புனல் அடைத்திருந்தது.
எச்சம்.
கறுப்பும் வெள்ளையுமாக ஒரு குருவி
மலையிலேயே கதகதப்பான விளிம்பு எதுவென்று
எங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது.
கழுவினேன். கவராயத்தால் குத்தி வழி எடுத்தேன்.
விளிம்பைச் சுற்றி ஊசிவளையம் மாட்டினேன்,
விதி அப்படி.
வண்டியைக் கிளப்பும்போது பார்த்தேன்:
டிரான்ஸ்பார்மர் பெட்டியின் மூடிமேல்
இறகை உப்பிக்கொண்டு அது
இடம் மாறி உட்கார்ந்திருந்தது.
அந்த மூடிக்கு விதி எதுவும் இல்லை.
படிவத்தில் குறிப்பு என்ற கட்டத்தைக்
காலியாக விட்டேன்.