பாகம் எழுதும் முறை

மஞ்சக்குப்பம் சார்பதிவாளர் ஆபீஸில்
பதினொன்றே காலுக்கு சர்வர் படுத்துவிட்டது.
டோக்கன் முப்பத்தாறு,
தேவனாம்பட்டினம் அஞ்சலாட்சி
என் மேஜைக்கு எதிர் பெஞ்சில்.
கையில் கலியமூர்த்தி எழுதிவைத்த கடுதாசி:
படகில் பாதி பைனான்ஸ்காரருக்கு,
மீதி என் பெண்கள் இருவருக்கும்.
பாதியைக் கொடுத்தால் மீதியை விட்டுவிடுவார்கள்
என்று நம்பிச் செத்தவர்.

இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
இதே உயிலை முன்பே ஒருமுறை வாசித்திருக்கிறேன்.
எழுதியவன் ராஜா.

மழையும் குதிரையுமான ஒரு வடதீவில்
ஐசீனி சனத்துக்கு அவன் தலைவன்.
ஒரு பங்கு ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கு,
ஒரு பங்கு மகள்கள் இருவருக்கும்.
பெண்டாட்டி பேச்சே இல்லை.
சர்க்காரைக் கூட்டுப் பங்காளியாகச் சேர்க்காதே
என்று சொல்ல
அந்த ஊரில் ஒரு பத்திர எழுத்தர் இல்லை.

உடம்பு ஆறுமுன் வந்தார்கள்.
போன சக்கரவர்த்தி வெகுமதி என்று கொடுத்ததை
கடன் என்றார்கள்.
நிலத்தை அளந்தார்கள், வீட்டை எண்ணினார்கள்.
கேட்க வந்த பூடிக்காவைச்
சவுக்கால் அடித்தார்கள்.
மகள்களுக்குச் செய்ததை
நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கினேன்.
அஞ்சலாட்சிக்குப் புரிந்துவிட்டது.
பை வாரை விரலில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"அப்புறம்?"

அப்புறம் தேரேறினாள்,
மகள்களை முன்னால் நிறுத்தி.
மடியில் ஒரு முயலை முடிந்துவந்து
சனத்துக்கு முன் அவிழ்த்துவிட்டாளாம்,
ஓடிய திசை நல்ல சகுனம்.
மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
அவள் மடியில் இருந்தது துடித்தது.
ரோம் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
இவள் விட்டதற்கு நாலு.

மூன்று ஊர் எரிந்தது.
லண்டனில் இன்றைக்கும் ஆழத் தோண்டினால்
ஒரு சிவந்த படுகை வருமாம்,
நம்ம செங்கல் சூளையின் அடிமண் மாதிரி.
அதில் வெந்தவர்கள் எல்லோரும் வரி கேட்டவர்கள் இல்லை.
ரொட்டி சுட்டவள், நேற்றுப் பிள்ளை பெற்றவள்.
அதையும் சொன்னேன்.
வில்லங்கத்தை மறைத்துப் பத்திரம் எழுதக் கூடாது.

கடைசிச் சண்டையைப் பார்க்க
வண்டி கட்டிக் குடும்பத்தோடு வந்தது சனம்.
பின்னால் நிறுத்திய அந்த வண்டிகளே
ஓட வழியில்லாமல் அடைத்துக்கொண்டன.
அவள் செத்ததற்கு இரண்டு காரணம் பதிவாகியிருக்கிறது:
விஷம் என்கிறான் ஒருத்தன்,
நோவு என்கிறான் இன்னொருத்தன்.
இரண்டு பேரும் ரோமாபுரி மனுஷர்கள்.
அவள் தரப்புச் சாட்சி இல்லை.

அஞ்சலாட்சி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்,
குடிக்காமல் மூடினாள்.
"அந்தப் பொண்ணுங்க பேரு என்னா?"

தெரியாது. எங்கேயும் எழுதவில்லை.

"தேர்ல நின்னுச்சுங்கன்னியே?"

நின்றார்கள். அதுவரைதான் இருக்கிறது.

"பேரு எழுதாம எப்டி பாகம் வரும்?"

பைனான்ஸ்காரன் படகை முழுசாகவே இழுத்துப் போய்விட்டான்,
எஞ்சினோடு, வலையோடு,
சின்னவளின் சைக்கிளோடு.
மிச்சம் கெடிலக்கரையில் மூன்றே கால் சென்ட்,
இவள் அம்மா வீட்டுச் சீதனம்.
அதை எழுதிவைக்கத்தான் வந்திருக்கிறாள்.

பன்னிரண்டு இருபதுக்கு சர்வர் எழுந்தது.
பெறுபவர் ஒன்று, ஜீவிதா.
இரண்டு, சுபாஷினி.
இனிஷியல் கேட்டேன்.
கலியமூர்த்தியின் கடுதாசியை நாலாய் மடித்தாள்.
"அ போடு. ரெண்டு பேருக்கும்."

கட்டைவிரல் ரேகை மெஷினில் ஏறவில்லை.
மீன் ஆய்ந்து தேய்ந்த விரல்.
மூன்றாம் முறை அழுத்தினாள், மேஜை ஆடியது,
பிடித்துக்கொண்டது.

அவள் போன பிறகு
பிழையாய் வந்த ஒரு பிரிண்ட் தாளின் பின்பக்கம்
பழக்கதோஷத்தில் எழுதினேன்:
எழுதிக்கொடுப்பவர், பூடிக்கா.
பெறுபவர்கள்
1.
2.

டோக்கன் முப்பத்தேழு என்று கூப்பிட்டார்கள்.