பதினைந்து கஜம்

படகுத்துறைக் கடையில் புழு விற்கிறவள் நான்.
டஜன் நாலு டாலர். ஐஸ் தனி.
ஜன்னலுக்கு நேரே சாகினா விரிகுடா,
அதற்கு முன்னால் சரிவு,
சரிவின் தலையில் மடக்கு நாற்காலி,
நாற்காலியில் வெர்லின் டாம்சாக்.

ட்ரெய்லரை ரிவர்ஸில் இறக்கத் தெரியாதவர்கள்
சாவியை அவனிடம் நீட்டுவார்கள்.
வலது பக்கம் ஒடித்தால் இடது பக்கம் போகிற வண்டி
பாதிப் பேருக்குப் பிடிபடாது.
மனைவி கத்த, பின்னால் வரிசை ஹாரனடிக்க,
பல் டாக்டர்கள் வியர்த்துப்போய் இறங்குவார்கள்.
வெர்லின் ஏறி உட்கார்ந்து
கண்ணாடியைக்கூடத் திருப்பாமல்
ஒரே போக்கில் தண்ணீருக்குள் கொண்டுபோய் வைப்பான்.
ஐந்து டாலர்.

பதினோரு சீசன் அவன் பிழைப்பே
பின்னால் அனுப்புவதுதான்.
டிவியில் பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்:
குனிந்து, தலையைக் கால்களுக்கிடையே விட்டு,
பதினைந்து கஜம் தள்ளி நிற்கும் உதைப்பவன் கைக்குப்
பந்தை விடுகிறவன்.
முக்கால் நொடி.
நிமிர்வதற்குள் பிடரியில் யாரோ ஒருவனின் முழங்கை.
முன்வைத்த காலைப் பின்வைக்காதவர்களின் படம்
சீரியல் டப்பாவில் வந்தது.
இவனுக்கு,
பேர் தெரியாமலிருப்பதே சம்பளம்.

பேர் தெரிந்தது ஒரே ஒரு நாள்.
எண்பத்தெட்டு டிசம்பர், கண் தெரியாத பனி,
கடைசி நிமிஷம்.
பந்து கைதப்பி உருண்டது, எதிரணி விழுந்து அமுக்கியது.
'உயரே போட்டுத் தொலைத்தான்' என்றது பேப்பர்.
உதைப்பவனும் தலையாட்டினான்.
தலைகீழாகப் பார்த்திருந்தவனுக்கு
எது உயரம் என்று எப்படிச் சொல்ல?

அப்புறம் தண்ணீர்மெத்தைக் கடை போட்டான்,
ஜனம் தண்ணீர்மெத்தையைக் கைவிட்ட அதே வருஷம்.
ஆயுள் காப்பீடு விற்றான்.
கதவைத் திறந்தவர்களெல்லாம் அந்தப் பந்தைப் பற்றியே பேசினார்கள்.
சாக்கடை அடைப்பு எடுத்தான். அது நன்றாக ஓடியது.
லொரேட்டா போனாள்,
சண்டையில்லாமல், வாஷிங் மெஷினை மட்டும் ஏற்றிக்கொண்டு.
ஒன்பது வருஷம் பள்ளிப் பேருந்து,
ஒரு திருப்பத்தில் பேர் மறந்துபோன காலை வரை.
தெருவின் பேர் அல்ல. தன் பேர்.
ஓரம் கட்டினான், விளக்கைச் சிமிட்டவிட்டான்,
வேறு ஆளை அனுப்புங்கள் என்று
ரேடியோவில் தானே சொன்னான்.
பிள்ளைகள் கைதட்டினார்களாம், முதல் பீரியட் போச்சென்று.

இப்போது முன்னால் ஓட்ட லைசென்ஸ் இல்லை.
பின்னால் ஓட்ட எவனும் கேட்பதில்லை.

போன ஜூனில் ஒரு வெள்ளை லாரி,
புத்தம்புது படகு, நகரத்து நம்பர்.
இறங்கியவர் நெட்டை, ஒரு காலைச் சாய்த்து நடந்தார்.
மூன்று தடவை முயன்றார்,
மூன்று தடவையும் ட்ரெய்லர் கம்பத்தை முத்தமிட்டது.
நாற்காலியருகே வந்தவர்
சாவியை நீட்டாமல் நின்றார்.

'டாம்சாக்?'
'இன்றைக்கு, ஆமாம்.'
'ஆர்லன் வைகாண்ட்.'

நான் ஐஸ் வெட்டுவதை நிறுத்தினேன்.

'அந்தப் பந்து நெஞ்சுக்குத்தான் வந்தது, வெர்லின்.
பாய்ந்து வந்தவனைப் பார்த்துவிட்டேன்.
பந்தைப் பார்க்கவில்லை.'

தண்ணீரில் ஏதோ ஒரு மீன் புரண்டது.
வெர்லின் எழுந்திருக்க நேரமெடுத்தது,
எப்போதும் எடுக்கும், முழங்கால்.
படகைச் சுற்றி வந்து
பின்பக்கப் பட்டையை இழுத்துப் பார்த்தான்.
'இதை அவிழ்க்கவே இல்லையே' என்றான்.
'இப்படியே இறக்கியிருந்தால் ட்ரெய்லரும் சேர்ந்து மிதந்திருக்கும்.'

ஏறினான். ஒரே போக்கு.
வைகாண்ட் தண்ணீருக்குள் முழங்கால்வரை இறங்கி,
கேட்காமலேயே,
இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக்கொண்டு
நின்றார்.

படகின் பின்புறம் மெல்ல வந்து
அந்தக் கைகளில் தொட்டது.

ஐந்து டாலர் வாங்கிக்கொண்டான்.
இருபதாக நீட்டியதற்கு
என் கடையில்தான் சில்லறை மாற்றினான்.
'யார் அது?' என்றேன், தெரியாதவள்போல.

நோட்டை எண்ணிக்கொண்டே சொன்னான்:
'கூட வேலை பார்த்தவன்.
ரிவர்ஸ் வராது அவனுக்கு.'