நான்கு புள்ளி மூன்று

ஆகஸ்ட் விடுமுறை. ஹப்புத்தளைக் காற்று
பாடசாலைத் தகரத்தைப் பிய்க்கப் பார்க்கிறது.
ஒன்பதாம் வகுப்பில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு
தரையில் உட்கார்ந்திருக்கிறோம்:
என்னைப்போல் சில ஆசிரியர்கள்,
வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்குக்காரர்கள்,
அப்புறம் லயத்துப் பிள்ளைகள்,
சான்றிதழுக்கும் பகல் சோற்றுக்கும்
கொழும்புக்கு பஸ் ஏறும்வரை போகாத பொழுதுக்கும் வந்தவர்கள்.

படிவத்தில் மூன்றாவது கேள்வி: காணியின் பரப்பு.
சோமபால ஒரு மூச்சில் எழுதிவிட்டார், ஒன்றரை ஏக்கர்.
நான் கோடு போட்டேன்.
புவிதரன் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.
எட்டிப் பார்த்தேன்:
"லயத்துக்குப் பின்னால். பைப்பிலிருந்து பன்னிரண்டு எட்டு."

நிலந்தி மிஸ் சிங்களத்தில் தொடங்கி
பாதி வாக்கியத்தில் தமிழுக்கு இறங்குவார்,
வழுக்குகிற படியில் கால் வைப்பதுபோல.
வீட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.
யோகுட் கோப்பை, சிலோன் டீ டின்,
ஒருவர் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில்.

பதினொரு வருடமாக லிட்மஸ் சொல்லிக்கொடுக்கிறேன்.
எலுமிச்சைச் சாறு, சவர்க்கார நீர்,
பரீட்சைக்கு வரும், அடிக்கோடு போடுங்கள் பிள்ளைகளே.
சன்னலுக்கு வெளியே நின்ற மண்ணை
ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று கேட்டேன்.
புவிதரனின் மண்ணைத் தண்ணீரில் கலக்கி
தெளியவிட்டு, தாளை நனைத்தால்
செம்மஞ்சள் ஏறுகிறது.
நான்கு புள்ளி மூன்று.
புளிப்பு.
தேயிலைக்குப் பிடித்த புளிப்பு;
போஞ்சிக்கு ஆகாது, பீட்ரூட்டுக்கு ஆகவே ஆகாது.

"டொலமைட் போடவேணும்," என்றார் மிஸ்.
"இந்தப் போகமே பலன் கேட்கக்கூடாது.
ஒரு வருஷம், ரெண்டு வருஷம், மெல்லத்தான் மாறும்."
சோமபால கிலோக் கணக்கை உள்ளங்கையில் எழுதினார்.

பின்வரிசையில் கொழுந்துக்கூடைத் தழும்பேறிய நெற்றியோடு
ஒரு பெண், பெயர் அழகுராணி, கையை உயர்த்தாமலே கேட்டாள்:
"ரெண்டு வருஷத்துக்குள்ள கம்பனி
அந்த இடத்தில கன்னு வச்சுட்டா?
எங்க காசு, எங்க டொலமைட்டு.
யாரு மண்ணு இனிக்கும் மிஸ்?"

தகரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
கைநூலின் பக்கங்களை மிஸ் புரட்டினார்.
படம் போட்ட பக்கங்கள், அட்டவணைப் பக்கங்கள்.
சோமபாலவுக்கு யாரோ மொழிபெயர்த்தார்கள்;
அவர் உள்ளங்கையை மெல்ல மூடிக்கொண்டார்.

"சாக்குல போடுவம்," என்றான் புவிதரன்.
என்ன என்று எல்லோரும் திரும்பினோம்.
"ஒர மூட்டைச் சாக்கு. மண்ண அதுல போட்டு
டொலமைட்டையும் அதுலயே கலந்துருவம்.
போகச் சொன்னா, தூக்கிக்கிட்டுப் போயிரலாம்ல?"

சிரித்தோம். சிரித்து முடிந்தபின்
சிரித்தது சரியில்லை என்று தோன்றியது.
மிஸ் கரும்பலகையில் ஒரு சாக்கு வரைந்தார்,
அடியில் நான்கு ஓட்டை.
"தண்ணி நிக்கக்கூடாது," என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை சான்றிதழ், பற்றிஸ், குழுப்படம்.
சோமபால மரத்தக்காளி நாற்றுகளைப் பத்திரிகையில் சுற்றி
லயத்துப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டார்.
பஸ் வந்தது.

தை மாதம், மாணவர் இடாப்போடு
வீடு வீடாகப் போனபோது பார்த்தேன்.
லயத்துக்குப் பின்னால் பதினான்கு சாக்குகள்,
தோளுயரத்துக்கு இலை.
பைப் வேலைக்கு ஆள் வருகிறதாம்,
கொஞ்சம் ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தார்கள்.
புவிதரன் குனிந்து முதல் சாக்கைக் கட்டிப்பிடித்து இழுத்தான்.
அசையவில்லை.
நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.

ஓட்டை வழியாக
வேர் கீழே இறங்கியிருந்தது,
அந்த நான்கு புள்ளி மூன்றுக்குள்ளேயே.

"விடுங்க டீச்சர்," என்றான்,
"பைப்பை வளைச்சுப் போடச் சொல்லுவம்."