மத்தி கடலிலேயே இருக்கிறது

ஒன்பதாம் நாளாகத் தெற்குக் காற்று.
ஷாக்கா துறையில் படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.
ஆப்பிரிக்க மணல் கடல் தாண்டி வந்து
கார்க் கண்ணாடியில் படிந்திருக்கிறது.
அதில் யாரோ விரலால் எழுதியிருக்கிறார்கள்:
"கழுவாதே, நாளைக்கும் வரும்."

அக்ரிப்பினா கத்தியும் பையுமாக
ரயில் வராத பாதைக்குப் போகிறாள்.
பை தூக்க நானும் போகிறேன்,
அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருப்பவன்.
தண்டவாளம் துருவேறிய இடமெல்லாம் பெருஞ்சீரகம்.
விதைத்தவர் இல்லை, கேட்பவரும் இல்லை.
போன வருடத்துத் தண்டு காய்ந்து ஆளுயரம் நிற்க
அதில் கொத்துக்கொத்தாய் வெள்ளை நத்தைகள்.
அதன் காலடியில்
இந்த மார்ச்சின் தளிர்,
பிடித்தால் கைக்குள் அடங்கும் பச்சைப் புகை.

விதையாக மட்டும்தான் இதை எனக்குப் பழக்கம்.
ஓட்டலில் பில்லோடு வரும் சின்னத் தட்டு,
எடுப்பதா வேண்டாமா என்று தயங்கும் இரண்டு விரல்.
சோம்பு என்போம்.
சோம்பலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை,
சரளைக்கல்லைப் பிளந்து வேர்விடுவது
சோம்பேறி செய்கிற வேலையா?
இதற்கு இலை உண்டு என்பதே
முப்பத்தெட்டு வயதில்
இத்தாலியில் தெரிகிறது.

இவர்கள் பேச்சில் அதன் பேர் ஃபினோக்கியோ.
அந்தப் பேரிலிருந்தே ஒரு வினைச்சொல்:
ஏமாற்று.
புளித்த ஒயினை விற்க நினைப்பவன்
முதலில் இதன் கிழங்கை நறுக்கித் தின்னக் கொடுப்பானாம்.
நாக்கு இனித்துப்போய் நியாயம் மறந்துவிடும்.
நாம் அல்வா கொடுப்போம்,
இவர்கள் பெருஞ்சீரகம் கொடுக்கிறார்கள்.
ஊருக்கு ஊர் இனிப்புதான் முன்னால் வருகிறது.

சாயங்காலம் ஜெர்லாந்தோ வருகிறான்,
ஒரு கையில் ஒயின் குடுவை,
இன்னொரு கையில் ஐஸ் தண்ணீரில் மிதக்கும்
வெள்ளை வெள்ளைத் துண்டுகள்.
"முதலில் இதைக் கடி" என்கிறான்.
ஒனோஃப்ரியோ அவனைப் பார்க்கிறான், துண்டைப் பார்க்கிறான்,
கடிக்கிறான்.
ஒன்பது நாள் கடலுக்குப் போகாதவன்
எதை வேண்டுமானாலும் கடிப்பான்.
"நல்ல ஒயின்" என்கிறான்.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

அடுப்பில் தளிர் வெந்து தண்ணீர் பச்சையாகிறது.
அதே தண்ணீரில் பாஸ்தா.
வெங்காயம், உலர்ந்த திராட்சை,
பைன் கொட்டை விற்கிற விலைக்கு உடைத்த பாதாம்,
தீப்பெட்டிக்குள்ளிருந்து நாலு இழை குங்குமப்பூ.
மேலே வறுத்த ரொட்டித்தூள்,
சீஸ் வாங்க முடியாதவர்களின் சீஸ்.
மீனைத் தவிர எல்லாம் இருக்கிறது.
கண்ணை மூடினால் மீனும்.

"மத்தி எங்கே?" என்கிறான் ஜெர்லாந்தோ.
"கடலிலேயே இருக்கிறது" என்கிறாள் அக்ரிப்பினா.
நான் அதைக் கோபம் என்று நினைத்தேன்.
இல்லை, அதுதான் அந்தப் பண்டத்தின் பேர்.
இருநூறு வருடமோ என்னவோ
இல்லாத மீனை இப்படித்தான்
பேர் சொல்லிப் பரிமாறுகிறார்கள்.
ஜெர்லாந்தோ தட்டை வழித்துவிட்டு
"நல்ல மத்தி" என்றான்.
கணக்கு நேராகிவிட்டது.

பத்தாம் இரவு காற்று விழுந்தது.
மூன்று மணிக்குப் படகுகள் போன சத்தம்
மாடிவரை கேட்டது.
மறுநாள் மதியம் துறையே வெள்ளி.
பெட்டி பெட்டியாய் மத்தி,
ஈ உட்காரும் முன்னே ஏலம்,
டீசல் பாக்கிக்கே சரியாகப் போயிற்று.

ராத்திரி மறுபடியும் பச்சைத் தண்ணீர் கொதிக்கிற வாசனை.
கீழே ஒனோஃப்ரியோவின் குரல்:
"இன்றைக்கு என்ன பேர் வைப்பாய்?"
அவள் யோசித்தாள் போலிருக்கிறது,
கரண்டி தட்டுகிற சத்தம் நின்றது.
"மத்தி லாரியில்."

அவர்கள் சிரித்து ஓயட்டும் என்று
படியிலேயே நின்றேன்.
பல்லிடுக்கில் நேற்றைய நார் ஒன்று
இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.