உட்பக்கத் தங்கூசி

பங்குனி பிறந்து எட்டு நாள்.
வாடை தன் கடைசிச் சாமானையும் கட்டிக்கொண்டு போய்விட்டது.
உப்புவெளியில் கடல்
இஸ்திரி போட்ட சாரம் மாதிரிக் கிடக்கிறது.

பெட்டியைத் திறக்கிறேன்.
பதினொரு பொய்மீன்கள்
டோர்ச் வெளிச்சத்தில் ஒன்றாய் என்னைப் பார்க்கின்றன.
இமை இல்லை, வேறென்ன செய்யும்.

"சிவப்புத் தலை, வெள்ளை உடம்பு" என்கிறாள் ரொசில்டா
பெற்றோல் குழாயை உறிஞ்சித் துப்பிவிட்டு.
நான் நீலத்தை எடுக்கிறேன்.
"விடியமுன் என்ன நிறம் பார்க்கிறாய் மச்சாள்?
அடியில நிண்டு பார்க்கிறவனுக்கு
எல்லா வயிறும் கறுப்பு."

சரி, அதுவும் போகட்டும். இதுவும் போகட்டும்.
நீல முதுகு, வெள்ளி விலா, பக்கத்துக்கு ஐந்து புள்ளி,
அச்சு அசல் சூடை.
றிபாய்தீன் கடையில் இரண்டு தவணைக்கு வாங்கியது,
இரண்டாவது இன்னும் என் கையில்தான் இருக்கிறது.
விலைத்தாள் வயிற்றில் பாதி உரிந்து நிற்கிறது.
நகத்தால் சுரண்டினேன்;
பசை விடவில்லை.

மூன்றாவது ஒரு கரண்டி.
மெய்யாகவே கரண்டி. அவள் கலியாணத்துக்கு வந்த
பன்னிரண்டில் ஒன்று. காம்பை அறுத்து,
இரண்டு நுனியிலும் துளைபோட்டு,
மும்முள் தூண்டில் மாட்டியிருக்கிறாள்.
"மனுசன் போனபிறகு விருந்துக்கு ஆர் வாறது" என்றாள்.
என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்:
"கட்டாருக்கடி."
எனக்குத் தெரியாதா. என் அண்ணன்தானே.

"கம்பி கட்டினியா?"
கட்டவில்லை. கம்பி கட்டினால் நடை கெடும்,
நீலம் இடுப்பை ஒடித்து நீந்துகிற அழகு போய்விடும்.
தடித்த தங்கூசியில் நேரே முடிந்திருந்தேன்.
அவள் எஞ்சினை இழுத்தாள்.

வேகம் பார்க்க எங்களிடம் மீற்றர் இல்லை.
தடியின் நுனியைத்தான் பார்ப்போம்.
படபடத்தால் நீந்துகிறது.
விறைத்து வளைந்தால் சுழல்கிறது, குறை.
செத்துக் கிடந்தால் பாசி.
பாசி இழுத்துக்கொண்டு வரும் பொய்யை
எந்த மீனும் மதிக்காது.

பாகம் பாகமாய் விடுகிறேன்.
சிவப்புத்தலை பதினைந்தில், எஞ்சின் நுரைக்குள்ளேயே,
துணிச்சல்காரனுக்கு.
கரண்டி இருபத்தைந்தில்.
நீலம் நாற்பதில், நுரை அடங்கிய தண்ணீரில்,
யோசித்துக் கடிக்கிறவனுக்கு.

"நேரே ஓடினால் சுகமான மீன் எண்டு விளங்கிடும்.
சுகமானதை ஆர் துரத்துவான்?"
கைப்பிடியை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.
வள்ளம் பாம்பு வரைந்தது.

கோணேசர் மலையின் மூக்குக்குப் பின்னால்
வெளிச்சவீடு எட்டிப் பார்க்கும் இடத்தில்
கீழே ஒரு பார். ஏழு பாகம், ஏழு பாகம்,
சட்டென்று பதினெட்டு.
அந்த விளிம்பில் ஆலாக்கள் கிடந்து கத்தின.
நேவிப் படகு ஒன்று கடந்தது.
ஒரு பொடியன் கையை விரித்து, "மாளு?"
ரொசில்டா தலையாட்டினாள், இன்னும் இல்லை.

திரும்பினோம்.
திரும்பும்போது வெளிப்பக்கத் தங்கூசி பதறி ஓடும்.
உட்பக்கத்தது தளரும்,
ஒரு மூச்சு நின்று,
அமிழும்.
நீலம் அமிழ்ந்தது.

றீல் அலறியது.
எஞ்சினை அணைத்தாள். தடி என் வயிற்றில் குத்தி நிற்க
கடல் முழுதும் ஒரு பக்கமாய் இழுத்தது.
எண்ணவில்லை, ஆனாலும் இருபது மூச்சு இருக்கும்.
பிறகு ஒன்றுமில்லை.
நாற்பது பாகமும் பாரமில்லாமல் வந்தது.

நுனியை விரலால் தடவினேன்.
கசங்கல் இல்லை, நார் இல்லை. சவர அலகு போட்ட வெட்டு.
அறுக்குளா. பேரிலேயே இருக்கிறது.
எங்கேயோ கீழே, ஒரு தாடையின் ஓரத்தில்
அரை விலைத்தாளோடு
என் சூடை நீந்திக்கொண்டிருக்கும்.

கரண்டியில் ஒரு சின்னப் பாரை துடித்துக்கொண்டிருந்ததை
அதற்குப் பிறகுதான் கண்டோம்.

பெட்டியில் மிச்சம் எட்டுக் கண்கள், ஒரு பக்கத்துக்கு.
ரொசில்டா ஒன்றும் சொல்லவில்லை.
கம்பிச் சுருளை என் மடியில் போட்டுவிட்டு
வள்ளத்தை மறுபடி
இடப்பக்கம் திருப்பினாள்.