குழாயின் வாய்

சிலியில், குரிக்கோவில், அக்டோபர் என்றால் வசந்தம்.
பந்தலின் இரும்புக் குழாய்க்குள் ஒற்றை ராணி
மரத்தை மென்று காகிதம் செய்துகொண்டிருந்தாள்.
கட்டைவிரல் நகமளவு கூடு.
நிபால்தோ பார்த்தான்.
புழு தின்னட்டும் என்று விட்டான்.

தின்றன.
டிசம்பர் வரை ஓர் இலையிலும் ஓட்டையில்லை.

மார்ச்சில் பழம் இனித்தது. புழுவை மறந்தன.
ஒவ்வொரு திராட்சையும்
தோல் மட்டும் நிற்கும் காலி வீடு.
கொத்துக்குள் கைவிட்ட எர்மிந்தாவுக்கு
விரல் வீங்கி,
அவன் போட்ட மோதிரத்தை அறுத்தெடுத்தார்கள்.

அதன்பின் விடியுமுன் பறித்தார்கள்,
நெற்றி விளக்கோடு,
குளிரில் குளவி விறைத்திருக்கும் வேளையில்.

இலையுதிர்ந்ததும்
நானூற்றுப் பன்னிரண்டு குழாய்களின் வாயைக்
களிமண்ணால் அடைத்தான்.
ஒன்று மட்டும் திறந்திருந்தது.
மறதி என்றான்.

எர்மிந்தா ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து அந்த வாயைத் தொட்டுப் பார்த்தாள்,
மோதிரமில்லாத விரலால்.