அடித்தல் தொடக்கம், அடித்தல் முடிவு

மெய்ப்புப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.
ஒருவர் வாய், ஒருவர் கண்.
இந்த அக்டோபரில் வாய் நான்.
கண், டெல்மர் ஓஸ்ட்பி:
தேர்தல் அலுவலகத்தில் அரைநாள் வேலை,
மீதி நேரம் டிராக்டர் உதிரி பாகம் விற்கிறார்.

பொடி எழுத்தில் நாலு பத்தி.
மாநில அரசியல் சட்டத்துக்கு ஒரு திருத்தம்.
நீக்கும் சொற்களைக் குறுக்கே கோடிழுத்தும்
சேர்க்கும் சொற்களை அடிக்கோடிட்டும்
அச்சிட வேண்டும் என்பது விதி.
அடித்த சொல்லை எப்படி வாய்விட்டுப் படிப்பது?
நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம்:

"வாக்காளர் முன் வரும் எந்தத் திருத்தமும் காற்புள்ளி
அதன் முழு வாசகத்தோடு காற்புள்ளி
அடித்தல் தொடக்கம்
ஒவ்வொரு கவுன்டியிலும் ஒரு செய்தித்தாளில்
அடித்தல் முடிவு
அடிக்கோடு தொடக்கம்
சட்டமன்றம் தகுமெனக் கருதும் வழியில்
அடிக்கோடு முடிவு
வெளியிடப்படும் முற்றுப்புள்ளி."

டெல்மரின் பென்சில் நின்றது.
பிழையா என்றேன்.
இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார்.
பென்சில் மட்டும் நகரவில்லை.

இனிமேல் செய்தித்தாளில் போட வேண்டாம் என்பதைச்
செய்தித்தாளில்தான் போட வேண்டும்,
மூன்று வாரம், ஒரு புள்ளி குறையாமல்.
செலவு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று
சட்டமன்றத்தில் கேட்டார்களாம்.
நியாயமான கேள்வி.
நானே சம்பளத்துக்குத்தான் படிக்கிறேன்.

மூன்றாம் வாரம் ஒரு தொலைபேசி.
சிற்றோடைக்கு அப்பால் ஆடு வளர்க்கும் சொல்வெய்க் டால்.
கொட்டகைச் சன்னலில் கண்ணாடி போன இடத்தில்
நம் தாளைத்தான் ஒட்டியிருக்கிறாளாம்.
பால் கறக்கும்போது முகத்துக்கு நேரே அதுதான்.

"கோடு போட்டிருக்கிறதே, அது இப்போது சட்டமா இல்லையா?"
"சட்டம்தான். செவ்வாய்க்கிழமை வரைக்கும்."
"அப்படியென்றால் இப்போதே எதற்குக் கோடு?"

விதியை எடுத்துப் படித்துக் காட்டினேன்.
மறுமுனையில் ஓர் ஆடு தும்மியது.
"சரி," என்றாள், "கேட்டேன், அவ்வளவுதான்."

செவ்வாய்க்கிழமை வாக்குச்சீட்டில் கோடே இல்லை.
இருபத்தெட்டுச் சொல்லில் ஒரு சுருக்கம்,
அதன் கீழே இரண்டு வட்டம்.

எங்கள் கவுன்டியில் வேண்டாம் அறுநூற்று நாற்பது,
வேண்டும் அறுநூற்றுப் பதினொன்று.
மாநிலம் வேறு மாதிரி எண்ணியது.

அந்த முடிவையும் அச்சிட வேண்டும்.
அந்த விதியை யாரும் தொடவில்லை.
நான் வாய், டெல்மர் கண்.
அறுநூற்று நாற்பது காற்புள்ளி, என்றேன்.
"காற்புள்ளி இருக்கிறது," என்றார்,
"மேலே போ."